கெர்னல் மாட்யூலை வாடிக்கையாளர் கைக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது? டிகேஎம்எஸ் மட்டும் போதுமா?

#1 காக்கிபுக்கிட்65

வணக்கம். சிங்கப்பூரில் காக்கி புக்கிட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இயந்திரங்களின் அதிர்வு, வெப்பம் இவற்றை அளக்கும், கணினிக்குள் செருகும் பிசிஐஇ அட்டை ஒன்றைச் செய்து விற்கிறோம். லினக்ஸ் டிரைவரும் எங்களுடையதுதான். தனி மாட்யூலாக (கெர்னல் ஓடும்போது அதில் ஏற்றும் துண்டு), இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூல நிரலுக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

இதுவரை மூல நிரலை ஒரு டார் கோப்பாகக் கட்டி, கூடவே ஒரு நிறுவல் ஸ்கிரிப்டையும் வைத்துக் கொடுத்துவந்தோம். நிறுவும் நாளில் எல்லாம் சரியாக இருக்கும். அப்புறம் ஒரு நாள் உபுண்டு தானாகப் புதுக் கெர்னலை இறக்கி வைக்கும். அன்று ஒன்றும் ஆகாது. சில வாரம் கழித்து யாராவது ரீபூட் செய்யும்போதுதான் அட்டை காணாமல் போகும். வாடிக்கையாளர் பார்வையில் "உங்கள் அட்டை கெட்டுப்போய்விட்டது", அவ்வளவுதான்.

துவாஸில் என்றால் போய்ப் பார்த்துவிடலாம். ஜூரோங் தீவுக்குள் இருக்கும் ஆலைகளுக்கு பாஸ் எடுத்துத்தான் நுழைய வேண்டும். உள்ளே போனாலும் சில இடங்களில் நம் மடிக்கணினியை இணைக்க விடமாட்டார்கள். அந்த இயந்திரங்களுக்கு இணையமும் கிடையாது.

உபுண்டு 22.04, 24.04 இரண்டும் இருக்கின்றன. சிலர் ரெட் ஹாட் 9 வைத்திருக்கிறார்கள். கெர்னல் மாறும்போது மாட்யூலைத் தானே திரும்பக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் கருவியைப் போடு என்கிறார்கள் எல்லாரும். போட்டால் தீர்ந்துவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 பாலிமாணவன்

டிகேஎம்எஸ் தாராளமாகப் போதும் அண்ணே. சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய ஒரு வைஃபை டாங்கிளுக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். ரியல்டெக் 8812ஏயூ சிப். கெர்னல் மாறும்போதெல்லாம் அதுவாகவே கம்பைல் செய்துகொள்கிறது. நான் தொட்டதே இல்லை.

#3 கருநிரல்காரன்

காக்கிபுக்கிட், இந்த வேலையில் பல வருடமாக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், மாட்யூல் ஏன் உடைகிறது என்பது உங்கள் மேலாளருக்கும் புரிய வேண்டும். லினக்ஸ் கெர்னல் பயனர் நிரல்களுக்குக் கொடுக்கும் சிஸ்டம் கால் இடைமுகத்தை உடைக்கமாட்டார்கள். அதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். ஆனால் கெர்னலுக்கு உள்ளே டிரைவர்கள் அழைக்கும் ஃபங்ஷன்களுக்கு அந்த உறுதி கிடையாது. கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் இதை விளக்கி எழுதிய ஆவணம் கெர்னல் மூல நிரலோடேயே வருகிறது. இது அலட்சியம் கிடையாது, தெரிந்தே எடுத்த முடிவு. உள்ளே ஒரு ஃபங்ஷனை மாற்றுகிறவர், மூல நிரலுக்குள் அதை அழைக்கும் எல்லா டிரைவர்களையும் தாமே திருத்திவிடுவார். வெளியே இருக்கும் டிரைவர் அவர் கண்ணிலேயே படாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கேரக்டர் டிவைஸ் எழுதுகிற எல்லாரும் கிளாஸ்-கிரியேட் என்ற ஃபங்ஷனை அழைத்திருப்பீர்கள். 2023-இல் வந்த 6.4 வரை அதற்கு இரண்டு மதிப்புகள் கொடுக்க வேண்டும்: முதலில் மாட்யூலின் சுட்டி, அடுத்து பெயர். 6.4-இல் முதல் மதிப்பை எடுத்துவிட்டார்கள். ஒரே வரி மாற்றம்தான். ஆனால் அந்த வரி இருந்த வெளி டிரைவர் ஒவ்வொன்றும் அன்று கம்பைல் ஆகாமல் நின்றது. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதுக் கெர்னல் வருகிறது. அதில் இதுபோல ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும்.

இனி உங்கள் பைனரிக் கோப்புக்கு வருவோம். கம்பைல் ஆகும்போது அதற்குள் வெர்மேஜிக் என்ற ஒரு சரம் பதிவாகிறது. எந்தக் கெர்னல் பதிப்பு, எஸ்எம்பி (பல செயலி ஆதரவு) உண்டா, பிரீஎம்ஷன் (ஓடும் வேலையை இடைநிறுத்துவது) எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏற்றும்போது ஓடும் கெர்னலோடு அது ஒத்துப்போக வேண்டும். அது போக, கெர்னலில் மாட்வெர்ஷன்ஸ் என்ற அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் நீங்கள் அழைக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு சிஆர்சி (சரிபார்ப்பு) எண்ணும் ஒப்பிடப்படும். ஒன்று பிசகினாலும் ஏற்றாது. வாடிக்கையாளர் "அட்டை காணோம்" என்று சொல்லும்போது கெர்னலின் பதிவைக் காட்டும் டிஎம்எஸ்ஜியில் இந்தச் செய்திகளில் ஏதோ ஒன்றுதான் கிடக்கும்.

டெல் நிறுவனம் டிகேஎம்எஸ்ஸை உருவாக்கியது இதற்காகத்தான். மூல நிரலையே பேக்கேஜில் அனுப்பி, கெர்னல் மாறும்போதெல்லாம் வாடிக்கையாளரின் இயந்திரத்திலேயே திரும்பக் கம்பைல் செய்வது. அருமையான கருவி, குறை சொல்லவில்லை. ஆனால் அது வேலை செய்ய அந்த இயந்திரத்தில் கம்பைலர், கட்டும் கருவியான மேக், அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் பேக்கேஜ் மூன்றும் இருக்க வேண்டும். உங்கள் மூல நிரலும் இனி வரப்போகும் கெர்னலோடு கம்பைல் ஆக வேண்டும். அந்தக் கெர்னல் எப்படி இருக்கும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

உபுண்டு 22.04-க்கு 6.5 கெர்னல் வந்தபோது நடந்ததைக் கேளுங்கள். அந்தக் கெர்னலை ஜிசிசி கம்பைலரின் 12-ஆம் பதிப்பில் கட்டியிருந்தார்கள். 22.04-இல் இயல்பாக இருப்பது ஜிசிசி 11. தானியங்கி மாறிகளைச் சுழியமாக்கும் ஒரு விருப்பு ஜிசிசி 12-இல்தான் வந்தது. கெர்னல் ஹெடர்கள் அதைக் கேட்டன, ஜிசிசி 11 "அப்படி ஒன்று தெரியாது" என்று நின்றுவிட்டது. ஒழுங்காக எழுதப்பட்ட டிகேஎம்எஸ் பேக்கேஜ்களும் சேர்ந்தே விழுந்தன. மூல நிரலில் ஒரு எழுத்தும் தவறில்லை. ஜிசிசி 12-ஐ நிறுவினால் தீர்ந்தது. ஆனால் இணையம் இல்லாத ஜூரோங் தீவு இயந்திரத்தில் அதை யார் நிறுவுவது?

பாலிமாணவன் தம்பி, உங்கள் டாங்கிளுக்கு டிகேஎம்எஸ் பொருந்தும். இயந்திரத்தின் முன்னால் நீங்களே உட்கார்ந்திருக்கிறீர்கள், உடைந்தால் அடுத்த நிமிடம் தெரியும். இன்னொன்று: 6.14-இல் 8812ஏயூ-வுக்கான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ஆர்டிடபிள்யூ88 குடும்பத்தில். அந்தக் கெர்னலுக்கு மாறினால் டிகேஎம்எஸ் பேக்கேஜையே கழற்றிவிடலாம்.

#4 பாலிமாணவன்

இது தெரியாது, நன்றி அண்ணே. உபுண்டு 24.04-க்கு எச்டபிள்யூஇ கெர்னலாக (புதிய வன்பொருளுக்காகப் பின்னர் தரும் கெர்னல்) 2025-இல் 6.14 வந்ததே. இன்றிரவே பார்க்கிறேன்.

#5 ஈசூன்அக்கா

நான் வாடிக்கையாளர் பக்கம் இருப்பவள். ஒரு பெரிய நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். உற்பத்திச் சர்வரில் கம்பைலர் இருக்கக் கூடாது என்பது எங்கள் பாதுகாப்பு விதி. தணிக்கையாளர் வந்து முதலில் தேடுவதே அதைத்தான். டிகேஎம்எஸ் கேட்கும் பேக்கேஜ் என்றால் கொள்முதல் கட்டத்திலேயே "வேண்டாம்" என்று எழுதிவிடுவேன். காக்கிபுக்கிட், உங்கள் ஆலை வாடிக்கையாளர்களிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, செக்யூர் பூட்: நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் பூட் செய்ய விடும் வசதி. அது இயங்கும் இயந்திரத்தில் உபுண்டு, டெபியன், ஃபெடோரா மூன்றும் கையொப்பம் இல்லாத மாட்யூலை ஏற்றாது. நம்பாத சாவியில் கையொப்பமிட்டாலும் மறுப்புதான். உங்கள் சாவியை அந்த இயந்திரம் நம்ப வேண்டுமானால் மோக் என்ற, இயந்திர உரிமையாளர் நம்பும் சாவிகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும். மோக்யூடில் கட்டளையில் சாவியைக் கொடுத்து, ஒரு கடவுச்சொல் வைத்து, ரீபூட் செய்ய வேண்டும். அப்போது ஒரு நீலத் திரை வரும். சில விநாடிக்குள் ஒரு பொத்தானைத் தட்டாவிட்டால் அது போய்விடும். தட்டி, சாவியைச் சேர்க்கச் சொல்லி, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். எஸ்எஸ்எச் வழியாக இதைச் செய்ய முடியாது. விசைப்பலகையும் திரையும் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வரின் தொலைக் கன்சோல் வேண்டும்.

அதனால் முதல் நிறுவலின்போதே, ஆள் நேரில் இருக்கும்போதே சாவியைச் சேர்த்துவிடுங்கள். பிறகு அதே சாவியில் எத்தனை பதிப்பு வந்தாலும் அந்தத் திரை திரும்ப வராது.

டிகேஎம்எஸ் தானாக உருவாக்கும் சாவியில் எனக்கு உடன்பாடே இல்லை. தனிச் சாவி அதே இயந்திரத்தின் வட்டில் கிடக்கிறது. ரூட் அனுமதி பெற்ற எவனும் அதை எடுத்துத் தன் மாட்யூலுக்குக் கையொப்பம் போட்டுக்கொள்ளலாம். கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவது மாதிரி.

#6 காக்கிபுக்கிட்65

அக்கா, கம்பைலர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்று ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டேன். அங்கேயும் அதே விதிதான். அப்படியானால் முன்கூட்டியே கம்பைல் செய்த பைனரியைக் கொடுப்பது ஒன்றுதான் வழி. ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு பேக்கேஜா? சமாளிக்க முடியுமா?

#7 கருநிரல்காரன்

முடியும். உபுண்டு தானே என்விடியா மாட்யூல்களை இப்படித்தான் கொடுக்கிறது: ஒவ்வொரு கெர்னலுக்கும் தனிப் பேக்கேஜ், கையொப்பத்தோடு. அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

உபுண்டுவில் கெர்னல் பேக்கேஜின் பெயரிலேயே ஏபிஐ (பைனரி இடைமுகம்) எண் இருக்கும். 6.8.0-60-ஜெனரிக் என்றால் அந்த 60. எண் மாறினால் வேறு பேக்கேஜ். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிறுவியிருக்கலாம். உங்கள் மாட்யூல் பேக்கேஜின் பெயரிலும் அதே எண்ணை வையுங்கள். ஒவ்வொன்றும் தனக்குரிய கெர்னல் பேக்கேஜை மட்டும் சார்ந்திருக்கட்டும். கோப்பு அந்தக் கெர்னலின் மாட்யூல் அடைவுக்குள் அப்டேட்ஸ் என்ற துணை அடைவில் போகட்டும். மாட்யூல்களின் பட்டியலைத் தயாரிக்கும் டெப்மாட் அந்த அடைவுக்கு முன்னுரிமை தரும். அதே பெயரில் கெர்னலோடு வந்த மாட்யூல் இருந்தாலும் உங்களுடையதே ஏறும்.

இதற்கு மேல் ஒரு மெட்டா பேக்கேஜ். உள்ளே ஒன்றும் இருக்காது, சார்பு வரிகள் மட்டும். ஒரு வரி மிக அண்மைய மாட்யூல் பேக்கேஜைக் காட்டும். இன்னொரு வரி அதற்கேற்ற கெர்னல் மெட்டா பேக்கேஜைச் சரியான பதிப்போடு காட்டும். இந்த இரண்டாவது வரிதான் உயிர்நாடி. உபுண்டு புதுக் கெர்னலை வெளியிட்டதும், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் பார்க்கும்: கெர்னலை ஏற்றினால் உங்கள் மெட்டாவின் சார்பு உடைகிறது. அதனால் கெர்னலை நிறுத்திவைக்கும். உங்கள் ரெப்போவில் (பேக்கேஜ் களஞ்சியத்தில்) புது மெட்டா வந்ததும் இரண்டும் சேர்ந்தே ஏறும். மாட்யூல் இல்லாத கெர்னலில் இயந்திரம் பூட் ஆகும் வாய்ப்பே இல்லாமல் போகிறது.

இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல வருவது இது ஒன்றுதான்: மாட்யூலைத் தனிப் பொருளாக நினைத்து வினியோகிக்காதீர்கள். கெர்னலும் மாட்யூலும் ஒரே பொருள். ஒன்றாகவே சோதியுங்கள், ஒன்றாகவே அனுப்புங்கள், பின்வாங்கினாலும் ஒன்றாகவே பின்வாங்குங்கள்.

ரெட் ஹாட் கதை வேறு. கெர்னல் ஏபிஐ நிலைப்பட்டியல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள ஃபங்ஷன்களை மட்டும் அழைத்தால், 9 தொடருக்குள் ஒருமுறை கட்டிய மாட்யூல் அடுத்தடுத்த கெர்னல்களிலும் ஏறும். வீக்-மாட்யூல்ஸ் என்ற ஸ்கிரிப்ட் புதுக் கெர்னலின் அடைவிலிருந்து பழைய கோப்புக்கு ஓர் இணைப்புப் போட்டுக்கொள்ளும், திரும்பக் கட்ட வேண்டியதே இல்லை. ஈஎல்ரெப்போ களஞ்சியத்தின் கேமாட் (கெர்னல் மாட்யூல்) பேக்கேஜ்கள் இப்படித்தான் இயங்குகின்றன, அவற்றின் ஸ்பெக் கோப்புகளைப் படியுங்கள். பட்டியலுக்கு வெளியே ஒரு ஃபங்ஷனைத் தொட்டாலும் 9.3-இலிருந்து 9.4-க்குப் போவது மாதிரியான தாவலில் உடையலாம். ஒவ்வொரு மைனர் வெளியீட்டுக்கும் திரும்பக் கட்டுங்கள்.

ரெட் ஹாட்டில் இன்னொரு பொறி. 9 தொடர் முழுக்கக் கெர்னல் எண் 5.14 என்றே காட்டும். உள்ளே புதிய கெர்னல்களின் மாற்றங்களை எடுத்துப் போட்டிருப்பார்கள். பதிப்பு எண்ணைப் பார்த்து இஃப்டெஃப் (நிபந்தனை வரி) எழுதினால் ஏமாந்துபோவீர்கள். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையைத் தரும் ஓபன்இசட்எஃப்எஸ் திட்டம் செய்வதைச் செய்யுங்கள்: கட்டுவதற்கு முன் சின்னச் சின்னச் சோதனை நிரல்களை அந்த ஹெடரோடு கம்பைல் செய்து, ஃபங்ஷன் எந்த வடிவில் இருக்கிறது என்று நேரடியாகவே தெரிந்துகொள்வது.

#8 ஈசூன்அக்கா

கருநிரல்காரன் சொன்ன அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு எச்சரிக்கை மட்டும்.

ஃபுல் அப்கிரேடு கொடுத்தால் ஆப்ட் பேக்கேஜ்களை நீக்கவும் துணியும். கெர்னலை ஏற்றுவதற்காக உங்கள் மெட்டாவையே கழற்றிவிடலாம். தானியங்கி அப்டேட் அப்படிச் செய்யாது, ஆனால் கையால் தட்டுகிற ஆள் செய்துவிடுவார். நிறுவல் கையேட்டில் இதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

மற்றது இன்னும் முக்கியம். வாடிக்கையாளரின் கெர்னலை நீங்கள் நிறுத்திவைக்கிறீர்கள். அந்தக் கெர்னலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அடைபட்டிருந்தால், நீங்கள் மாட்யூலைக் கட்டி முடிக்கும்வரை அந்த ஓட்டை திறந்தே கிடக்கிறது. ஒரு விற்பனையாளர் எங்களிடம் "கெர்னலை மாற்றவே மாற்றாதீர்கள்" என்று மின்னஞ்சலில் எழுதினார். அதை நான் ஏற்கவில்லை. வீட்டு வைஃபை ரவுட்டருக்கே சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் முத்திரைத் திட்டம் கொண்டுவந்து, மென்பொருள் அப்டேட் தருவதை முதல் படிநிலையின் அடிப்படைத் தேவையாக வைத்திருக்கிறது. ஆலைக்குள் இருக்கும் இயந்திரத்துக்கு அதைவிடக் குறைவாக இருக்கலாமா? கெர்னல் வந்து எத்தனை நாளுக்குள் மாட்யூல் வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுப்பவரிடம்தான் நான் வாங்குவேன்.

#9 செம்பூதம்

நான் ஃப்ரீபிஎஸ்டி ஆள், லினக்ஸ் அல்லாத இன்னொரு இயங்குதளம். கொஞ்சம் திசை மாற்றுகிறேன், ஆனால் சம்பந்தம் இருக்கிறது.

எங்கள் பக்கம் ஒரே பெரிய பதிப்புக்குள், 14.0, 14.1, 14.2 என்று போகும்போது, கெர்னல் பைனரி இடைமுகத்தைக் காப்பாற்ற மெனக்கெடுவார்கள். அந்த நம்பிக்கையில் பேக்கேஜ்களையெல்லாம் ஆதரவில் உள்ள மிகப் பழைய மைனர் பதிப்பில்தான் கட்டுவார்கள். சாதாரண நிரல்களுக்கு அது சரி. வரைகலைக்கான டிஆர்எம் மாட்யூல் லினக்ஸ் கெர்னலிலிருந்து வருகிறது, நடுவில் லினக்ஸ்கேபிஐ என்ற இணக்க அடுக்கு. அந்த அடுக்கு மைனர் பதிப்புகளுக்கு இடையே மாறிக்கொண்டே இருக்கும்.

விளைவு என்னவென்றால், புது மைனர் பதிப்பு வந்ததும் ஆர்வமாக ஏற்றியவர்களுக்குத் திரை வராது. பழைய பதிப்பின் ஆதரவு மூன்று மாதம் கழித்துத்தான் முடியும். அதுவரை ரெப்போவில் இருப்பது பழையதற்காகக் கட்டிய மாட்யூல். போர்ட்ஸ் என்ற மூல நிரல் தொகுப்பிலிருந்து தாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். பல வருடம் இதே பாடுதான்.

2024 டிசம்பரில் 14.2-ஓடு இதைச் சரிசெய்தார்கள். கெர்னல் மாட்யூல்களுக்கு மட்டும் தனி ரெப்போ. ஒவ்வொரு மைனர் பதிப்புக்கும் தனித்தனியாகக் கட்டுகிறார்கள். மற்ற பேக்கேஜ்கள் பழைய ரெப்போவிலேயே இருக்கின்றன. கருநிரல்காரன் சொன்னதும் அங்கே நடந்ததும் ஒன்றுதான். இடைமுகம் நிலையானது என்று உறுதி கொடுத்த திட்டமே கடைசியில் மாட்யூலைக் கெர்னலோடு கட்டிவைக்கும் இடத்துக்குத்தான் வந்தது.

#10 கருநிரல்காரன்

செம்பூதம், நல்ல உதாரணம். குறித்துக்கொண்டேன்.

அக்காவின் நாள் கணக்குக்கு வருகிறேன். உபுண்டுவில் கெர்னல் திடீரென்று குதிப்பதில்லை. வழக்கமாக முதலில் புரொபோஸ்ட் பகுதிக்கு வரும், சோதனை முடிந்த பிறகுதான் அப்டேட்ஸுக்குப் போகும். உங்கள் பில்ட் சர்வர் புரொபோஸ்டைக் கவனிக்கட்டும். புது ஹெடர் பேக்கேஜ் தெரிந்த உடனே சுத்தமான சிரூட்டுக்குள் (தனித்த அடைவுச் சூழல்) கட்டி, மெய்நிகர் இயந்திரமான கெமுவில் அந்தக் கெர்னலைப் பூட் செய்து, மாட்யூலை ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும். கடைசியாக மேசையில் உண்மையான அட்டை செருகிய ஒரு கணினியிலும் ஓடட்டும். பொதுமக்களுக்கு அந்தக் கெர்னல் போகும் நாளில் உங்கள் மாட்யூல் தயாராக இருக்கும். அவசரப் பாதுகாப்பு வெளியீடு மட்டும் இந்த அவகாசத்தைத் தராது. அன்றைக்கு வேறு வேலையை ஒத்திவைத்துவிட்டுக் கட்டுங்கள்.

பல டிஸ்ட்ரோக்களுக்கு ஒரே இடத்தில் கட்ட வேண்டுமானால் ஓபன்சூசேயின் பில்ட் சர்வீஸைப் பாருங்கள். டெப், ஆர்பிஎம் இரண்டையும் கட்டும், உங்கள் சொந்தச் சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம்.

கையொப்பத்தில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மாட்யூல் கோப்பின் கையொப்பம் எல்ஃப் என்ற பைனரிக் கோப்புக் கட்டமைப்புக்கு உள்ளே இருப்பதில்லை, கோப்பின் வாலில் ஒட்டியிருக்கும். பேக்கேஜ் கருவி கடைசியில் ஸ்ட்ரிப் (தேவையற்ற தகவலை நீக்கும் கட்டளை) ஓட்டினால் அந்த வால் அறுந்துவிடும். பில்ட் பதிவில் எல்லாம் பச்சையாகத் தெரியும், இயந்திரத்தில் "சாவி மறுக்கப்பட்டது" என்று வரும். வரிசை இதுதான்: கம்பைல், ஸ்ட்ரிப், கையொப்பம், அப்புறம்தான் சுருக்கம். பேக்கேஜ் கட்டி முடிந்ததும் அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் கோப்பில், மாட்யூல் விவரம் காட்டும் மாட்இன்ஃபோ ஓட்டிக் கையொப்பமிட்டவர் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பில்ட் அடைவில் இருக்கும் கோப்பைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

#11 காக்கிபுக்கிட்65

இன்று மேலாளரோடு பேசினேன். தனி ரெப்போ, மெட்டா பேக்கேஜ் எல்லாவற்றுக்கும் சம்மதம். ஒன்று மட்டும் இடிக்கிறது. டிரைவருக்குள் அதிர்வைப் பகுத்துப் பார்க்கும் எங்கள் கணக்கு முறை இருக்கிறது. இதுவரை மூல நிரலோடு போனது போகட்டும், இனி அது வெளியே தெரியக் கூடாது என்கிறார். அதனால் மாட்யூலின் உரிமத்தைத் தனியுரிமை என்றே வைத்திருக்கிறோம். பைனரி மட்டும் கொடுத்தால் இதில் சிக்கல் உண்டா?

#12 கருநிரல்காரன்

உண்டு. நேராகவே சொல்கிறேன்.

கெர்னலின் உரிமம் ஜிபிஎல், பைனரி கொடுத்தால் மூல நிரலையும் கொடுக்கச் சொல்வது. அதில் பல ஃபங்ஷன்கள் ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டும் என்று ஏற்றுமதி செய்யப்படுகின்றன. உங்கள் மாட்யூல் தனியுரிமை என்று சொன்னால் அவற்றை அழைக்க முடியாது. நடுவில் ஒரு சின்ன ஜிபிஎல் மாட்யூலை வைத்துச் சுற்றிப்போகலாம் என்று சிலர் செய்துவந்தார்கள். 2020-இல் 5.9 கெர்னல் அதையும் அடைத்துவிட்டது. உரிம வரியில் ஜிபிஎல் என்று எழுதிவிட்டு மூல நிரலைக் கொடுக்காமல் இருப்பது உரிம மீறல், அந்தப் பக்கமே போகாதீர்கள். இசட்எஃப்எஸ் விவகாரத்தைப் பாருங்கள். அது முழுக்கத் திறந்த மூல நிரல்தான், ஆனால் சிடிடிஎல் என்ற வேறு உரிமம். 2016-இல் உபுண்டு அதைப் பைனரியாகக் கெர்னலோடு கொடுத்தபோது, இது ஜிபிஎல் மீறல் என்று சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி வெளிப்படையாக எழுதியது. டெபியன் இன்றுவரை அதை டிகேஎம்எஸ் மூல நிரலாகத்தான் கொடுக்கிறது.

உங்கள் மேலாளரின் கவலை நியாயமானதுதான். ஆனால் ரகசியம் இருக்கும் இடம் தவறு. அதிர்வைப் பகுக்கும் கணக்குக்குக் கெர்னலில் என்ன வேலை? அட்டையிலிருந்து எண்களை எடுத்து டிஎம்ஏ வழியாக (செயலியைத் தொடாமல் நேராக) நினைவகத்தில் போடுவது டிரைவரின் வேலை. கணக்கை பயனர் தளத்துக்கு, சாதாரண நூலகமாக நகர்த்துங்கள். அதை எந்த உரிமத்தில் வேண்டுமானாலும் விற்கலாம். சிஸ்டம் கால் இடைமுகம் நிலையானது என்று மேலே சொன்னேனே, ஒருமுறை கட்டிய நூலகம் எத்தனை கெர்னல் மாறினாலும் ஓடும். கணக்கில் ஒரு பிழை இருந்தால் அந்த ஒரு நிரல் விழும், ஆலையின் கணினி மொத்தமும் உறையாது. 2024 ஜூலை 19 அன்று சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் எழுதிச் செக்-இன் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது விண்டோஸ், வேறு உலகம். ஆனால் காரணம் இதே வகைதான்: கெர்னலுக்குள் ஓடிய ஒரு டிரைவர், வந்த தரவுக் கோப்பைத் தவறாகப் படித்தது.

கணக்கை வெளியே எடுத்த பிறகு உங்கள் டிரைவரில் மறைக்க ஒன்றுமே மிஞ்சாது. ஜிபிஎல்லில் வெளியிடலாம். வெளியிட்ட பிறகு, கெர்னல் மூல நிரலுக்குள்ளேயே சேர்க்க முயலுங்கள்.

#13 காக்கிபுக்கிட்65

அதெல்லாம் பெரிய நிறுவனங்கள் செய்வது இல்லையா? நாங்கள் மூன்று நான்கு பேர்தான் நிரல் எழுதுகிறோம்.

#14 கருநிரல்காரன்

இல்லை. உங்களை மாதிரிச் சின்ன நிறுவனங்களுக்குத்தான் அது அதிகம் பயன்படும்.

அளவீட்டு அட்டைகளுக்கென்றே கெர்னலில் கொமெடி என்ற பகுதி இருக்கிறது. நெடுங்காலம் ஸ்டேஜிங் என்ற முற்றுப்பெறாத டிரைவர்களின் பகுதியில் கிடந்தது, 2021-இல் 5.13-ஓடு முறையான இடத்துக்கு வந்தது. ஏடிசி (அனலாக் சைகையை எண்ணாக்கும்) வகைச் சிப்களுக்கு ஐஐஓ பகுதி இருக்கிறது. உங்கள் அட்டை எதில் பொருந்தும் என்று பாருங்கள். ஏற்கெனவே உள்ள ஒரு டிரைவரைப் பார்த்து உங்களுடையதை அந்த அச்சில் எழுதிவிட்டால் நிரல் பாதியாகச் சுருங்கும், பொதுவான வேலையை அந்தப் பகுதியே பார்த்துக்கொள்ளும்.

மறுபரிசீலனை கடுமையாகத்தான் இருக்கும். திருப்பி அனுப்புவார்கள், திருத்தி அனுப்ப வேண்டும். மாதங்கள் பிடிக்கும். ஆனால் உள்ளே போய்விட்டால் கிளாஸ்-கிரியேட் மாதிரி ஒன்று மாறும் நாளில் மாற்றுகிறவரே உங்கள் டிரைவரையும் திருத்துவார். கையொப்பம் டிஸ்ட்ரோவின் சாவியிலேயே வரும், நீலத் திரையும் இல்லை, மோக்கும் இல்லை. விபிஎன் மென்பொருளான வயர்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் டிகேஎம்எஸ் பேக்கேஜாக அலைந்தது. 2020 மார்ச்சில் 5.6-க்குள் போனது. இன்று அதை ஒரு மாட்யூல் என்று யாரும் தனியாக நிறுவுவதில்லை.

ஒன்று மட்டும் மனத்தில் வையுங்கள். நீங்கள் இன்று சேர்த்தாலும் 22.04 வாடிக்கையாளருக்கு அது போய்ச்சேராது. அவர்கள் இருக்கும்வரை தனிப் பேக்கேஜ் வேலை தொடரும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

#15 பாலிமாணவன்

6.14-க்கு மாறிவிட்டேன். டாங்கிள் கெர்னல் டிரைவரிலேயே ஓடுகிறது, டிகேஎம்எஸ் பேக்கேஜை நீக்கிவிட்டேன். ஒரு சந்தேகம். ரீபூட் செய்வதற்கு முன்னாலேயே, புதுக் கெர்னலுக்கு மாட்யூல் இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டா?

#16 ஈசூன்அக்கா

உண்டு தம்பி. மாட்இன்ஃபோ கட்டளையில் "கே" விருப்பைக் கொடுத்து, ஓடாத கெர்னலின் பதிப்பையும் குறிப்பிடலாம். அந்தக் கெர்னலுக்குரிய கோப்பு எங்கே இருக்கிறது, வெர்மேஜிக் என்ன, யார் கையொப்பம் என்று எல்லாம் காட்டும். நிறுவியிருக்கும் ஒவ்வொரு கெர்னலுக்கும் இதை ஓட்டி, ஒன்றில் மாட்யூல் இல்லையென்றாலும் எச்சரிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை எங்கள் கண்காணிப்பில் வைத்திருக்கிறோம். எச்சரிக்கை வந்தால் அந்தச் சர்வரை யாரும் ரீபூட் செய்யக் கூடாது என்பது விதி. காக்கிபுக்கிட், உங்கள் பேக்கேஜோடேயே இப்படி ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

#17 காக்கிபுக்கிட்65

செய்கிறேன் அக்கா. இதுவரை முடிவானது: உபுண்டுவுக்குக் கெர்னல்வாரியாகப் பேக்கேஜ், ரெட் ஹாட்டுக்குக் கேமாட். ஜூரோங் தீவு இயந்திரங்களுக்குக் கெர்னலும் மாட்யூலும் சேர்ந்த ஒரு முழு ரெப்போவை யூஎஸ்பியில் கொடுத்தனுப்புவோம், ரெப்போ அட்டவணைக்கும் கையொப்பம் உண்டு. கணக்கு முறையை நூலகமாகப் பிரிக்க மேலாளர் ஒத்துக்கொண்டார். கொமெடி பற்றி அடுத்த மாதம் தனி இழை தொடங்குகிறேன்.

மெட்டா பேக்கேஜின் சார்பு வரியை இப்படி எழுதியிருக்கிறேன், சரிதானா பாருங்கள்: எங்கள் மாட்யூல் 6.8.0-60-ஜெனரிக் பேக்கேஜ், அடுத்து லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக், பதிப்பு 6.8.0-60 அல்லது அதற்கு மேல்.

#18 கருநிரல்காரன்

"அல்லது அதற்கு மேல்" என்பதை எடுத்துவிடுங்கள். அப்படி இருந்தால் அடுத்த கெர்னல் வந்ததும் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும், ஆப்ட் கெர்னலை நிறுத்தாது. சமக்குறி போட்டு, மெட்டாவின் முழுப் பதிப்பு எண்ணையும் கொடுங்கள், புள்ளிக்குப் பின்னால் வருவதையும் சேர்த்து.

22.04-இல் எச்டபிள்யூஇ கெர்னல் வைத்திருப்பவர்களிடம் லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக் என்ற பேக்கேஜ் இருக்காது. அவர்களுடையது எச்டபிள்யூஇ-22.04 என்று முடியும். அதற்கு இன்னொரு மெட்டா வேண்டும். இரண்டையும் திருத்திப் போடுங்கள், நாளை இரவு பார்க்கிறேன்.